கம்பில் துரு: கத்தரியைப் பிடுங்க வேண்டுமா?

கார்த்திகை மாதத்தில் கம்பங்கொல்லைக்குள் ஒரு நடை போய் வந்தால் சிலருடைய வேட்டியில் முழங்கால் உயரத்திற்குச் செங்காவிப் பொடி அப்பியிருக்கும். செம்மண் புழுதி என்று தட்டிவிட்டுப் போய்விடுவார்கள். முதல் நாள் மழை பெய்து, விடியற்காலைப் பனியும் இறங்கியிருக்கிற கொல்லையில் புழுதி எங்கிருந்து வந்தது என்று நின்று யோசிப்பவர் குறைவு. அது மண் அல்ல. கம்பு இலையில் வளரும் துருப் பூசணத்தின் வித்துக்கள். அந்த வேட்டியோடு அடுத்த கொல்லைக்குள் போனால் நோயையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறோம். நாம் போகாவிட்டாலும் காற்று அந்த வேலையைச் செய்துவிடும் என்பது வேறு விஷயம்.

2023-ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக ஐக்கிய நாடுகள் சபை அறிவித்த பிறகு கம்பைப் பற்றி விசாரிக்கிறவர்கள் கூடியிருக்கிறார்கள். அப்படி வருகிற விவசாயிகள் துரு நோயைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்கிறார்கள். மருந்து அடிக்க வேண்டுமா என்பது ஒன்று. பக்கத்தில் இருக்கிற கத்தரித் தோட்டத்திலிருந்துதான் துரு வருகிறது என்கிறார்களே, அதைப் பிடுங்கிவிடலாமா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பதில் பயிரின் வயதைப் பொறுத்தது. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லக் கொஞ்சம் கதை சொல்ல வேண்டும். நானும் ஒரு காலத்தில் கத்தரியைப் பிடுங்கச் சொன்னவன்தான்.

துருவை அடையாளம் காண்பது

முதலில் நோயைச் சரியாகத் தெரிந்துகொள்வோம். கம்பில் இலையைக் கெடுக்கும் நோய்கள் பல. துரு பெரும்பாலும் அடி இலைகளில் ஆரம்பிக்கும். அதிலும் இலையின் நுனிப் பாதியில் முதலில் தெரியும். குண்டூசித் தலை அளவுக்கு வெளுத்த புள்ளிகள் வரும். சில நாட்களில் அவை தடித்து, செம்மஞ்சள் நிறத்தில் சிறு கொப்புளங்களாகி, மேல்தோல் வெடித்துப் பொடி வெளியே வரும். இலையின் இரு பக்கமும் இப்படி இருக்கும். கொப்புளங்கள் நெருங்கிவிட்டால் இலை நுனியிலிருந்து அடி நோக்கிக் காய்ந்துகொண்டே வரும்.

சந்தேகம் இருந்தால் இலையைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்புத் தேய்த்துப் பாருங்கள். விரலில் செங்காவிப் பொடி ஒட்டினால் துரு. ஒட்டாமல் இலையில் வெறும் செம்புள்ளியோ, நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பு நிறமுமான கண் போன்ற புள்ளியோ இருந்தால் அது துரு அல்ல. கண் வடிவப் புள்ளி குலை நோயாக இருக்கலாம். இலையின் அடிப்பக்கம் வெண்மையாகப் பூத்து, மேற்பக்கம் வெளுத்து நீளக் கோடு விழுந்திருந்தால் அடிச்சாம்பல் நோய். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. துரு என்று நினைத்துக் கந்தகம் அடித்து, அடிச்சாம்பல் நோயில் பயிரைப் பறிகொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கிணற்றுத் தண்ணீரில் இரும்பு அதிகம் இருந்தால் இந்தத் துரு வரும் என்று ஒரு நம்பிக்கை சில ஊர்களில் உண்டு. நிறத்தைப் பார்த்து வைத்த பெயரே தவிர, இரும்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தண்ணீரைக் குறை சொல்ல வேண்டாம்.

எல்லாத் துருவும் ஒன்றல்ல என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சோளத்தில் வரும் துரு வேறு, மணிலாவில், அதாவது நிலக்கடலையில் வரும் துரு வேறு, கம்பில் வருவது வேறு. நிறம் ஒன்று போலத் தெரிந்தாலும் சோளத்துத் துரு கம்புக்கு வராது, மணிலாத் துருவும் வராது. பக்கத்துக் காட்டு மணிலா துருப்பிடித்திருக்கிறதே, நம் கம்புக்குத் தாவிவிடுமோ என்று பயந்து மருந்து அடிப்பது வீண் செலவு.

கம்பில் பாதி, கத்தரியில் பாதி

துருப் பூசணங்கள் விசித்திரமானவை. செத்த இலையிலோ மண்ணிலோ வளராது. உயிருள்ள பச்சை இலைக்குள் வேர் போன்ற இழைகளை விட்டு, அந்த உயிரணுக்களைக் கொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக் குடிக்கும். வீட்டுக்காரன் உயிரோடிருந்தால்தான் குடியிருப்பவனுக்குச் சோறு. இதனால் துரு விதை வழியாக வருவதில்லை. விதை நேர்த்தி செய்தும் துரு வந்துவிட்டதே என்று குறைபட்டுக்கொள்வதில் பொருளில்லை. விதை நேர்த்தி வேறு நோய்களுக்காகச் செய்வது, அதை விட்டுவிடக் கூடாது.

கம்புத் துருவுக்கு விஞ்ஞானப் பெயர் பக்சீனியா சப்ஸ்ட்ரையேட்டா. பழைய புத்தகங்களில் பக்சீனியா பென்னிசெட்டி என்று இருக்கும். இதன் வாழ்க்கை இரண்டு வீட்டில் நடக்கிறது. கம்பு ஒரு வீடு, கத்தரி மற்றொரு வீடு. ஒன்று புல் சாதி, மற்றொன்று புல்லுக்கு எந்த உறவும் இல்லாத செடி.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நம் கோயமுத்தூரில்தான். 1948-ல் பூசணவியல் அறிஞர்கள் டி. எஸ். ராமகிருஷ்ணன், சி. கே. சௌமினி இருவரும் கம்புத் துருவின் மறுபாதி வாழ்க்கை கத்தரியில் நடக்கிறது என்ற ஆய்வை வெளியிட்டார்கள். கத்தரி மட்டுமல்ல, அதே குடும்பத்தைச் சேர்ந்த சுண்டை, கண்டங்கத்தரி ஆகியவற்றிலும் இது தங்கும் என்று பின்னர் தெரிந்தது.

நடப்பது இதுதான். கம்பில் முதலில் தோன்றும் செங்காவிப் பொடி கம்பிலிருந்து கம்புக்கே பரவும். இலையில் பனியோ மழை ஈரமோ சில மணி நேரம் நின்றால் வித்து முளைத்து உள்ளே போய், ஏறக்குறைய ஒரு வாரம் பத்து நாளில் புதுக் கொப்புளம் வெடிக்கும். ஒரு பயிர்க் காலத்தில் இப்படிப் பல சுற்று வந்துவிடும். பயிர் முதிரும்போது அதே இலையில் கறுப்பு நிறத்தில் வேறு கொப்புளங்கள் தோன்றும். இவை தோலுக்கு அடியிலேயே மூடிக் கிடக்கும், தேய்த்தாலும் பொடி வராது. இந்தக் கறுப்பு வித்துக்கள் குளிர்ந்த ஈர நாட்களில் முளைத்து மெல்லிய சின்னஞ்சிறு வித்துக்களை உண்டாக்கும். அவை கம்பைத் தாக்கமாட்டா. கத்தரி இலையில் விழுந்தால்தான் பிழைக்கும்.

கத்தரி இலையில் விழுந்ததும் மேற்பக்கத்தில் மஞ்சள் புள்ளி தோன்றும். இலையைத் திருப்பிப் பார்த்தால் அந்தப் புள்ளிக்கு நேர் கீழே சிறு சிறு கிண்ணங்களைக் கூட்டமாக ஒட்டி வைத்தாற்போல் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். இந்தக் கிண்ணத்துப் பொடி காற்றில் கிளம்பிக் கம்புக்குப் போகும். மறுபடி கத்தரிக்கு வராது. ஆகவே கத்தரிக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்கலாம். இந்தத் துரு கத்தரியிலிருந்து கத்தரிக்குப் பரவாது. புள்ளி விழுந்த சில இலைகளைக் கிள்ளி எடுத்துப் புதைத்துவிட்டாலே போதும். நான் பார்த்த கத்தரித் தோட்டங்களில் இதனால் காய்ப்பு பெரிதாகக் குறைந்ததில்லை.

கத்தரியில் இந்தப் பூசணத்திற்கு என்ன வேலை என்று கேட்கலாம். அங்கேதான் கல்யாணம் நடக்கிறது. இரண்டு வகைப் பூசணங்கள் சேர்ந்து குணம் கலப்பது கத்தரி இலையில்தான். கம்பில் மட்டும் இருந்தால் அப்பனைப் போலவே பிள்ளை. கத்தரி வழியாக வந்தால் புதுக் குணம் உள்ள வகை உண்டாக வழியிருக்கிறது. இன்று துருவைத் தாங்கும் கம்பு ரகம் நாளை தாங்காமல் போவதற்கு இது ஒரு காரணமாகலாம்.

நான் செய்த தவறு

படித்து முடித்து வேலைக்குச் சேர்ந்த புதிதில், முப்பது ஆண்டுகளுக்கு முன்பு, திண்டிவனம் பக்கத்தில் ஒரு விவசாயி தன் கொல்லைக்கு அழைத்துப் போனார். ஒன்றரை ஏக்கர் புரட்டாசிக் கம்பு, மானாவாரி. பயிர் முழங்காலுக்கு மேல் வளர்ந்திருந்தது. அடி இலைகளில் அங்கங்கே துருப் புள்ளி. கொல்லைக்கு ஓரமாகக் கிணற்றடியில் எட்டு சென்ட் அளவுக்குக் கத்தரி போட்டிருந்தார்கள். பூத்துப் பிஞ்சு விட்டிருந்தது.

எனக்கு அப்போது புத்தக ஞானம் தலை நிறைய இருந்தது. கோதுமைத் துருவைப் பற்றிப் படித்தது மனதில் பசுமையாக இருந்தது. கோதுமைக்குக் கறுப்புத் துரு என்று ஒரு நோய். அதற்கு மறு வீடு பார்பெரி என்னும் முள் புதர். 1865-ல் ஜெர்மன் அறிஞர் அந்தோன் டி பாரி இதைச் சோதனை செய்து நிரூபித்தார். 1918-ல் அமெரிக்காவில் அரசே முன்நின்று பார்பெரிப் புதர்களை ஊர் ஊராகப் போய் அழிக்க ஆரம்பித்தார்கள். அங்கே அதற்குப் பலனும் இருந்தது. குளிர் காலத்தில் பனிக்கட்டி உறையும் நாட்டில் பச்சைக் கோதுமையே இல்லாத மாதங்களில் துருவுக்கு அந்தப் புதர்தான் பாலம். பாலத்தை உடைத்தால் துரு குறையும்.

அதே கணக்கை நான் திண்டிவனத்தில் போட்டேன். கத்தரியைப் பிடுங்கிவிடுங்கள், கம்பு தப்பிக்கும் என்று சொன்னேன். அந்த விவசாயி தயங்கினார். அவர் மனைவி, "சந்தைக்குப் போற காய் சார், வாரத்துக்கு உப்பு புளி அதுலதான்" என்றார். நான் விடவில்லை. இரண்டு நாள் கழித்துப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள்.

கார்த்திகைக் கடைசியில் மறுபடி போனேன். கம்பு முழுதும் சிவந்து கிடந்தது. நடு இலைகள் வரை காய்ந்துவிட்டன. கதிர் வெளிவந்து கொண்டிருந்த சமயம். விவசாயி ஒன்றும் சொல்லவில்லை, உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். அந்த அம்மாள்தான், "கத்திரியும் போச்சு, கம்பும் செவந்து போச்சு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்குத்தான் அந்தக் கொல்லையைச் சுற்றி முழுசாக நடந்தேன். கிணற்றுக்கு மறுபக்கம், நான் முதலில் போகாத இடத்தில், மாட்டுக்கென்று ஆடியில் விதைத்த தீவனக் கம்பு பத்து சென்ட் நின்றது. அறுத்து அறுத்து மறுபடி தழைத்தது. அதில் பாதிப் பயிர் அடியிலிருந்து உச்சி வரை செங்காவி. கையை வைத்தால் பொடி பறந்தது. கீழ்க்காற்று அதன் மேலாகத்தான் இந்தக் கம்புக்குள் வந்துகொண்டிருந்தது. இந்தப் பத்து சென்ட்தான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. துரு வித்து பல மைல் தூரத்திலிருந்தும் காற்றில் வரும். ஆனால் கத்தரி இலையில் அத்தனை நாளும் ஒரு கிண்ணப் புள்ளிகூட இருந்ததா என்று நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. புத்தகத்தில் இருந்தது, அதனால் கொல்லையிலும் இருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கோதுமை சொல்லும் பாடம் வேறு

கோதுமைக் கதையை நான் பாதிதான் படித்திருந்தேன். மறுபாதி நம் நாட்டில் நடந்தது. ஆக்ராவில் பணியாற்றிய பேராசிரியர் கே. சி. மேத்தா பல ஆண்டுகள் கோதுமைத் துருவை ஆராய்ந்தார். இமயமலையில் பார்பெரி இருக்கிறது. ஆனால் இந்தியாவில் ஆண்டுதோறும் துரு வருவதற்கு அந்தப் புதர் காரணமில்லை என்று அவர் முடிவு செய்தார். வடநாட்டுச் சமவெளியில் கோடை வெயிலில் துரு செத்துப் போகிறது. மலைகளில் கோடையிலும் நிற்கிற பச்சைக் கோதுமையில் உயிரோடு தங்கி, மறுபடி காற்றில் இறங்குகிறது. அப்படித் தங்கும் மலைகளில் நம் நீலகிரியும் பழனி மலையும் முக்கியமானவை. பின்னாளில் நாகராஜன், ஜோஷி ஆகிய விஞ்ஞானிகள், வங்கக் கடலில் உண்டாகும் புயல் காற்று நீலகிரிப் பக்கத்திலிருந்து கறுப்புத் துரு வித்துக்களை வடக்கே தூக்கிக்கொண்டு போய் மத்திய இந்தியாவில் மழையோடு இறக்குகிறது என்று விளக்கினார்கள். கோதுமைத் துருவைச் சோதிப்பதற்கென்றே நீலகிரி வெலிங்டனில் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருப்பது இதனால்தான்.

நம் கம்புக்கும் இதே நியாயம் பொருந்தும். தமிழ்நாட்டில் மாசியில் இறவைக் கம்பு, சித்திரையில் இறவைக் கம்பு, ஆடியில் மானாவாரி, புரட்டாசியில் மானாவாரி, இடையிடையே தீவனக் கம்பு என்று வருஷம் முழுவதும் எங்காவது ஓரிடத்தில் பச்சைக் கம்பு நிற்கிறது. பாலமே தேவையில்லாமல் துரு கம்பிலிருந்து கம்புக்கே நடந்து வருகிறது. இப்படிப்பட்ட இடத்தில் கத்தரியைப் பிடுங்குவதால் கம்பு தப்பிக்காது. கத்தரி வருமானம் போவதுதான் மிச்சம்.

அதற்காகக் கத்தரிக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. கம்பு இல்லாத இடைக்காலத்தில் அது துருவைத் தாங்கி வைக்கலாம். ஆகவே கம்பு போடப் போகிறவர்கள், வேலியோரம் தானாக முளைத்துக் கிடக்கும் சுண்டையையும் வரப்பில் படர்ந்த கண்டங்கத்தரியையும் உழவுக்கு முன்னால் அப்புறப்படுத்தலாம். மருந்துக்குக் கண்டங்கத்தரி வேண்டுமென்றால் இரண்டு செடி விட்டு வையுங்கள், இலையின் அடிப்பக்கத்தை அவ்வப்போது பாருங்கள். பணம் தரும் கத்தரியைத் தொட வேண்டாம். இடம் மாற்றிப் போட வசதியிருந்தால் அடுத்த முறை கம்புக்குக் காற்றுக்கு எதிர்ப்பக்கத்தில் போடாமல் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான்.

எதைச் செய்தால் பலன்

துரு எப்போது வருகிறது என்பதில்தான் லாப நஷ்டம் இருக்கிறது. கதிர் வருவதற்கு முன்பே நடு இலைகளுக்கு ஏறிவிட்டால் மணி சிறுத்துப் போகும், மகசூல் நன்றாகக் குறையும். மணி பால் பிடித்து முற்ற ஆரம்பித்த பிறகு வந்தால் தானியத்துக்கு அதிக நஷ்டமில்லை. கம்பு எண்பது தொண்ணூறு நாள் பயிர். பதினைந்து நாள் முந்திக்கொண்டால் தப்பித்துவிடும். ஆகவே பருவம் தவறாமல் விதைப்பதுதான் முதல் மருந்து. டிசம்பர் முதல் மே மாதம் வரை விதைக்கிற கம்பில் துரு குறைவாக வருகிறது என்பது பல்கலைக்கழகப் பரிந்துரையிலேயே உள்ள செய்தி. இறவை வசதி உள்ளவர்கள் மாசிப் பட்டத்தையும் சித்திரைப் பட்டத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். மானாவாரிக்காரர்களுக்கு அந்தச் சௌகரியம் இல்லை. மழை எப்போது பெய்கிறதோ அப்போதுதான் விதைக்க முடியும். அவர்கள் செய்யக்கூடியது, புரட்டாசி மழைக்கு ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் விதைத்துவிடுவது. ஒருவர் இன்றைக்கும் மற்றொருவர் இருபத்தைந்து நாள் கழித்தும் விதைத்தால் முந்திய கொல்லையின் துரு முழுவதும் பிந்திய கொல்லையின் இளம் பயிரில் வந்து விழும். சொல்வது சுலபம், ஏர் வாடகையும் விதையும் எல்லோருக்கும் ஒரே நாளில் கிடைப்பது கடினம் என்று எனக்குத் தெரியும். முடிந்தவரை செய்யலாம்.

இரண்டாவது, பழைய தீவனக் கம்பை ஒழிப்பது. புரட்டாசி விதைப்புக்கு முன்னால் ஆடித் தீவனத்தை அடியோடு அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, தூரை உழுதுவிடுங்கள். களத்து மேட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் சிந்திய மணியில் முளைத்த கம்பையும் பிடுங்கிப் போடுங்கள். மாட்டுக்குப் பசுந்தீவனம் வேண்டுமே என்றால் அந்த இரண்டு மாதத்துக்குத் தீவனச் சோளமோ தட்டைப்பயறோ போட்டுக்கொள்ளலாம். முன்னே சொன்னபடி சோளத்துத் துரு கம்புக்கு வராது.

நெருக்கமாக விட்ட கம்பிலும் தழைச்சத்தை அள்ளிக் கொட்டிய கம்பிலும் பனி ஈரம் காலை வெகு நேரம் வரை காயாது. துரு வித்து முளைக்க அதுதான் வேண்டும். பயிர் கலைத்துவிட்டு, பரிந்துரைத்த அளவு உரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

விதை வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள். பையில் நோய் எதிர்ப்புள்ளது என்று அச்சடித்திருக்கும். எந்த நோய்க்கு என்று கேளுங்கள். கம்பில் பெரும்பாலும் அது அடிச்சாம்பல் நோய்க்கு எதிர்ப்பு என்றுதான் பொருள். அதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1965-ல் நம் நாட்டில் வெளிவந்த முதல் வீரிய ஒட்டுக் கம்பு எச்.பி. 1. அதன் தாய் வழி அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்தது. அதே தாயில் பிறந்த ஒட்டு ரகங்கள் 1970-களின் தொடக்கத்தில் அடிச்சாம்பல் நோயில் அடிபட்டன. அதிலிருந்து ரகம் உண்டாக்குகிறவர்களுடைய கவனமெல்லாம் அந்த நோயின் மேல்தான். அது சரியான கவனம்தான், அடிச்சாம்பல் வந்த தூரில் கதிரே கிடைக்காது. ஆனால் அந்த எதிர்ப்பு துருவைத் தடுக்காது. உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில், சென்ற ஆண்டு பக்கத்து ஊர்களில் எந்த ரகத்தில் துரு குறைவாக இருந்தது என்று கேட்டு வாங்குங்கள்.

மருந்து அடிக்கலாமா?

கதிர் வருவதற்கு முன்பு, வாரத்துக்கு இரு முறை கொல்லைக்குள் இறங்கி, ஓரத்தில் மட்டும் பார்க்காமல் உள்ளே ஐந்தாறு இடத்தில் அடி இலைகளைப் பாருங்கள். அடி இலைகளில் மட்டும் அங்கங்கே புள்ளி, வானமும் வெளுத்திருக்கிறது என்றால் பொறுத்துப் பார்க்கலாம். நடு இலைக்கு ஏறத் தொடங்கிவிட்டது, மேகமும் பனியுமாக இருக்கிறது, கதிர் இன்னும் வெளிவரவில்லை என்றால் அடிப்பது நல்லது. ஏக்கருக்கு 400 கிராம் மேன்கோசெப் அல்லது ஒரு கிலோ நனையும் கந்தகம், 200 லிட்டர் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும். பத்து நாள் கழித்துத் தேவைப்பட்டால் மறுபடி ஒரு முறை. கந்தகத்தை உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும், காலையிலோ மாலையிலோ அடியுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளாமல் தெளிப்பானைத் தோளில் மாட்ட வேண்டாம்.

மருந்து அடித்தும் புள்ளி போகவில்லை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இந்த மருந்துகள் வந்த புள்ளியை ஆற்றுவதில்லை, வராத இலையைக் காப்பாற்றுகின்றன. அடித்த பத்தாம் நாள் மேல் இலைகளையும் கண்ணாடி இலையையும் பாருங்கள். அவை பச்சையாக இருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. கடையில் வேறு புது மருந்து எடுத்துக் கொடுத்தால், கம்புக்கு என்று சீட்டில் எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

மணி பால் பிடித்து முற்றிக்கொண்டிருக்கும் பயிருக்கு மருந்து அடிப்பதை நான் சம்மதிக்கமாட்டேன். அந்தப் பணம் திரும்பி வராது.

தீவனத்துக்கு வேறு கணக்கு

தானியத்துக்கு நான் சொன்ன இந்தச் சமாதானம் தீவனத்துக்குப் பொருந்தாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சிறு விவசாயி வீட்டில் கம்பு என்பது பாதி மணி, பாதி தட்டை. பலருக்கு மணியைவிடத் தட்டைதான் மாட்டைக் கோடை வரை நிறுத்துகிறது. நான் முன்னே சொன்ன அதே டிஃப்டன் நிலையத்தில் தீவனக் கம்பைச் சோதித்து 1991-ல் வெளியிட்ட ஆய்வில், துரு கொஞ்சமாக இருந்தபோதே மாட்டுக்குச் செரிக்கக்கூடிய தீவனத்தின் அளவு கணிசமாகக் குறைந்துவிட்டது தெரிந்தது. மாட்டுக்குச் சுவையானதும் சத்தானதும் இலைதான். துரு குடிப்பதும் இலையைத்தான். மிஞ்சுவது சக்கைத் தண்டு. போர் உயரமாக இருக்கும், மாடு மெலியும், பாலும் குறையும். காரணம் துரு என்று யாருக்கும் தோன்றாது.

ஆகவே தீவனத்துக்கென்று போட்ட கம்பில் துரு தென்பட்டால் மருந்தைத் தேட வேண்டாம், அரிவாளைத் தேடுங்கள். பூக்கும் பருவம் வரை காத்திருக்கலாம் என்று வைத்திருந்தாலும், துரு நடு இலைக்கு ஏறும் முன்பே அறுத்துவிடுங்கள். எடை சற்றுக் குறையும், சத்து வீட்டுக்கு வரும். மருந்து அடித்த கம்பை, சீட்டில் எழுதியுள்ள காத்திருக்கும் நாட்கள் கழியாமல் மாட்டுக்குப் போடக் கூடாது. இதனால்தான் தீவனக் கம்புக்கு மருந்தே வேண்டாம் என்கிறேன். தானியக் கம்பில் துரு முற்றிவிட்டால், கதிரை அறுத்ததும் தட்டையை நிற்கவிட்டு வைக்காமல் உடனே அறுத்துக் காயவையுங்கள். நிற்கிற ஒவ்வொரு நாளும் இலை உதிரும்.

இப்போது பலர் செல்போனில் இலையைப் படம் பிடித்து அனுப்பி என்ன நோய் என்று கேட்கிறார்கள். நல்ல பழக்கம். ஆனால் வருகிற படங்களில் பாதி, தூரத்திலிருந்து எடுத்த முழுக் கொல்லை. அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. அடி இலை ஒன்றைக் கிள்ளி, மேற்பக்கம் ஒரு படம், அடிப்பக்கம் ஒரு படம் எடுங்கள். இலையைத் தேய்த்த விரலையும் ஒரு படம் எடுங்கள். விதைத்த தேதி, கதிர் வந்துவிட்டதா இல்லையா, பக்கத்தில் வேறு வயதுக் கம்பு நிற்கிறதா என்ற மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கத்தரி இருந்தால் அதன் இலையின் அடிப்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறோம், அதுவரை பிடுங்க வேண்டாம்.